தொட்ட குதிரை

ஞாயிறு முதல் டிரிப்பை நானே ஓட்டுவதாகச் சொல்லி
சனி சாயங்காலத்தைப் பிச்சைமுத்துவிடம் வாங்கினேன்.
ஆறு மாதமாக இதுதான் ஏற்பாடு.
நான் ஏதோ சிகிச்சைக்குப் போகிறேன் என்பது
அவன் எண்ணம். திருத்தவில்லை.

செக்காலை ரோட்டில் டயர் கடைக்கு மேலே
எட்டு மேஜை, பதினாறு நாற்காலி,
ஓயாத ரப்பர் வாசனை.
தேவகோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள்
ஜெசிந்தா மிஸ்.
வாரமெல்லாம் கூட்டுறவு வங்கியில்
நகைக்கடன் எழுதுகிற கை
சுவரில் தொங்கும் பெரிய பலகையில்
காந்தக் காய்களை ஒட்டுகிறது.
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்.
மிஸ் என்றுதான் கூப்பிடுகிறேன்.
மற்றவர்கள் யூனிஃபார்ம் கழற்றாத பிள்ளைகள்.
என்னுடையது காக்கி.

முதல் வாரமே சொல்லிவிட்டாள்:
தொட்ட காயை நகர்த்தணும்,
மனசு மாறிடுச்சுன்னு வரக் கூடாது.
மூன்றாம் வாரம் ஆட்டத்தை எழுதப் பழகினோம்,
கட்டத்துக்கு ஓர் எழுத்து, ஓர் எண்.
ஸ்டேஜ் ஸ்டேஜாக எழுதிய கைக்கு அது சுலபம்.
ஆடுவதுதான் வரவில்லை.
பதினான்கு ஆட்டம், பதினான்கு தோல்வி.
அதில் ஐந்து உமையாளிடம்.

உமையாள் நாலாம் வகுப்பு.
நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது.
யோசிக்கும்போது இரண்டு கையையும்
தொடைக்கு அடியில் செருகிக்கொள்வாள்,
கை தானாக ஓடிவிடுமாம்.
சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைத்தேன்.

அன்றைக்குக் கீழே
லாரி டயருக்குக் காற்று அடித்த சத்தத்தில்
அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.
என் விரல் குதிரையின் பிடரியில் இருந்தது.
ஒரு நெல் உயரம் தூக்கியும்விட்டேன்.
அப்போதுதான் தெரிந்தது,
குதிரை போனால் யானைக்குக் காவல் இல்லை.
வைத்தேன்.
விரலைக் கொண்டுபோய் மூக்கைச் சொறிந்தேன்.
டிக்கெட் எடுக்காத ஆள்
சட்டைப்பையில் எதையோ தேடுகிற பாவனை
எனக்கு அத்துப்படி.
அதேதான்.

யானையை ஒதுக்கினேன்.
அது பிழைத்தது.
ஏழேகாலுக்கு நான் தோற்றேன், ஆறாவது முறையாக.

கடைசி அரைமணி
மிஸ் யாராவது ஒருவர் ஆட்டத்தைப் பிரித்துக் காட்டுவாள்.
என் தாளை எடுத்தாள்.
இருபத்திரண்டாவது நகர்த்தலில் நின்றாள்.

"இங்க குதிரை எஃப் ஆறு. செக்.
ராஜாவுக்கு மூலைதான் மிச்சம்.
ராணி ஹெச் ஏழு, முடிஞ்சுது.
யானை போனா போகட்டுமே சார்.
குதிரைய நினைச்சே பாக்கலையா?"

கை நினைத்தது மிஸ்.
சொல்லவில்லை.
பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
ஒருத்தியைத் தவிர.
அவள் ரப்பரை வைத்து
எழுதாத தாளை அழித்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை, புதுவயலிலிருந்து வரும் வண்டி.
கண்டனூரில் ஏறினாள்.
பஸ் பாஸைக் காட்டியவள்
அதை உள்ளே வைக்கவில்லை.

"அங்கிள், நீங்க குதிரையத் தொட்டீங்க."

"நீ ஜன்னலைல்ல பாத்துக்கிட்டிருந்தே?"

"கண்ணாடியில தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க அதைத்தானே நகர்த்தணும்."
வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.
"நான் தோத்திருப்பேன்."

பின்னால் ஒரு அம்மா மீதிச் சில்லறை கேட்டார்.
கொடுத்தேன்.
இரண்டு ரூபாய் கூடப் போய்விட்டது,
எண்ணிப் பார்க்காமல் முடிந்துகொண்டார்.

திரும்பி வந்தேன்.
"மிஸ்கிட்ட சொல்லப் போறீங்களா?"
"நீ?"

புத்தகப் பையை மடிக்கு ஏற்றினாள்.
இரண்டு கையையும்
தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.
கோட்டையூர் வந்துவிட்டது,
விசில் அடிக்க வேண்டும்.