மூன்றாம் எண் கூண்டு

கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருப்பதாக
செய்தி ஓடுகிறது.
இரண்டு ஊருக்கும் ஒரே எண்.
யாரும் எங்களைக் கேட்கவில்லை.

விளையாட்டு கேட்டது, மூன்று வாரம் முன்பு:
கதைக்காக. இயல்பு. விதிநூல்படி. கொடூரம்.
நான்கு பொத்தான்கள், நான்கு நிறம்.
இருவர் சேர்ந்து ஆடினாலும்
ஒன்றைத்தான் தொட முடியும்.

விதிநூல்படி என்றேன், ஓ.டி.யிலிருந்து.
கதைக்காக என்றான் கஸ்பார், முத்தியால்பேட்டையிலிருந்து.
ஹெட்போனில் அவன் வீட்டு மிக்ஸி.
"செத்துச் செத்து லோடு பண்ண எனக்கு நேரமில்ல."
"அப்ப படம் பாரு."
"பாத்துட்டுதான் இருக்கேன், நீ சாகறத."

விதிநூல் என்றால் எனக்கு
நெல்லித்தோப்பில் சைக்கிள் கடை மாடி,
அட்டை பிய்ந்த ஜெராக்ஸ் பிரதி,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் டீ வட்டம்.
பிலோமினா பகலில் மின்துறையில் பில் போடுவாள்,
ஞாயிறு மாலை எங்களுக்கு நரகம் நடத்துவாள்.
கூட்டுறவு வங்கிக் காலண்டர் அட்டையை மடித்து நிறுத்தி
அதற்குப் பின்னால்
இருபது முகப் பகடையை உருட்டுவாள்.
சத்தம் எங்களுக்கு.
எண் அவளுக்கு.

பூதத்தின் கை ஓங்கியிருக்கும்.
என் மந்திரக்காரிக்கு மிச்சம் மூன்று உயிர்ப்புள்ளி.
அட்டைக்குப் பின்னால் குனிந்து பார்ப்பாள்,
சமோசாவை ஒரு கடி கடிப்பாள்,
"நாலு. தப்பிச்ச" என்பாள்.
நாங்கள் சாகவேண்டிய இடங்களில் எல்லாம்
எத்தனை நாலு விழுந்தது என்று
நான்கு வருடத்தில் ஒருவரும் எண்ணவில்லை.
கணக்கு அவள் வேலை.

கணினிக்கு அட்டை கிடையாது.
மூலையில் எல்லாவற்றையும் எழுதிக் காட்டுகிறது:
பகடை பதினேழு, கூட்டல் ஒன்பது, இருபத்தாறு.
உன் கவசம் பதினெட்டு. பட்டது.
நேர்மையான ஜந்து.
ஆனால் இரக்கம் வேண்டுமென்றால்
முன்கூட்டியே டிக் அடித்து வாங்கவேண்டும்,
தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்குவதுபோல.
எதிரியின் மரண அடி: முழுசு, பாதி, வேண்டாம்.
வீழ்ந்தவர் சண்டை முடிந்ததும் எழலாமா: ஆம், இல்லை.
"இல்லை"யில் கை வைத்தபோது
எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது,
மறைக்க என்ன இருக்கிறது.
"நீதானே ஹோஸ்ட், உன் இஷ்டம்" என்றான்.

எலிகளிடம் செத்தோம்.
எலிகளைத் தாண்டி, பாலத்தில் ஒரு வாத்திடம் செத்தோம்.

இந்த மூன்று வாரத்தில்தான்
கஸ்பாரின் தங்கச்சியை ஜிப்மரில் சேர்த்தார்கள்.
வார்டு வாசலில் உட்கார்ந்திருந்து,
பஸ் பிடித்து, குளித்து,
பதினொரு மணிக்கு வந்துவிடுவான்.
எதுவும் சொல்லமாட்டான்.
"சிலந்திக் குகை பாக்கி இருக்குல்ல?"
செத்தால் முன்போலத் திட்டுவதில்லை.
சும்மா லோடு பண்ணுகிறான்.

இன்று அவன் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம்
அமைப்புகளைத் திறந்தேன்.
வெளியே காற்று எதிர்வீட்டுத் தகரத்தைத்
தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
சிப்காட் வாடை இல்லை, திசை மாறியிருக்கிறது.
மரண அடி: வேண்டாம்.
வீழ்ந்தவர்: எழலாம்.
மூடினேன்.

சிலந்தி அவன் மேல் பாய்ந்தது.
பகடை இருபது.
நேற்றுவரை அது சாவு.
இன்று தோளில் ஒரு கீறல்.
"பரவால்லயே" என்றான்.
நான் பக்கத்திலிருந்த முறுக்கை எடுத்துக் கடித்தேன்.
பிலோமினாவுக்கு அந்த நேரத்தில்
பசி இருந்திருக்காது.
வாயில் எதையாவது
வைத்துக்கொள்ளவேண்டி இருந்திருக்கும்.

ஒன்றை மறந்துவிட்டேன்.
திரையின் வலது மேல்மூலையில்
நிலை காட்டும் சின்னக் கேடயம்
சிவப்பிலிருந்து நீலமாகியிருந்தது.
என் திரையில் என்றால்
அவன் திரையிலும்தான்.

ஹெட்போனில் கொஞ்ச நேரம்
அவன் அறை ஃபேன் மட்டும்.

அப்புறம்,
"உன் முறை" என்றான்.