அடிப்பக்கம்

ஏற்காட்டில் பங்களா காலியாகிறது.
காப்பிக் குடோன் வாசலில்
பழைய சாமான்களோடு
ஒரு கிண்ணம், சோறு காய்ந்து ஒட்டியபடி.

கவிழ்த்தேன். நான் அடியைப் பார்க்கிறவன்.
மெருகு ஏறாத விளிம்பு, சொரசொரவென்று பழுப்பு மண்;
ஓரமாய் நகக்கண் அளவு முத்திரை.
மீனா, டபிள்யூவா?
மெருகு வழிந்து பாதியை விழுங்கிவிட்டது.

மீன் என்றால் ஐம்பத்திரண்டு, கார்ன்வால் சூளை,
என் மூன்று மாதச் சம்பளம்.
டபிள்யூ என்றால்
எங்கோ மாலை வகுப்பில் யாரோ செய்தது.
அதுவும் பரவாயில்லை, அந்தச் சாம்பல் பச்சைக்கு.

"முந்நூறு குடுங்க சார்" என்றார் சடையன்,
கிண்ணத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்து.

விரிசல் உண்டா என்று
நகத்தால் ஒரு தட்டுத் தட்டினேன்.
கணீர்.

மிளகுக் கொடிகளுக்குள்ளிருந்து
ஓடி வந்தது ஒரு கிழட்டு நாய்.
மூச்சிரைக்க எதிரே உட்கார்ந்து
நான் அதை நிமிர்த்துவதற்காகக்
காத்திருந்தது.