காஸ்கெட்

ஏறாவூர்ப் பழைய இரும்புக் கடையில்
தராசில் வைத்துத்தான் தந்தார் அலியார் காக்கா.
பத்தொன்பது கிலோ.
அதில் மண் எத்தனை கிலோ என்று கேட்டேன்.
"மண்ணுக்குக் காசு எடுக்கல்ல புள்ள,
அது வாவித் தண்ணிக்க கிடந்த சாமான்."

களுதாவளை வரைக்கும் பஸ்ஸில்
உரப்பைக்குள், என் காலடியில்,
டிக்கட் எடுக்காமல் வந்தது.

எம்டி தொண்ணூறு.
நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் அரத்தின் கீறல்கள்.
யாரோ அவசரப்படாமல் இருந்து ராவியிருக்கிறார்கள்.
நம்பர் இல்லாததை ரோட்டில் ஏற்ற ஏலாது.
எனக்கு ரோட்டு வேண்டாம்.
வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் இறைத்தால் போதும்.

(புதுப் பம்புக்கென்று சுகிர்தன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசு
சீட்டுக் கழிவுக்குப் போயிற்று.
அதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.)

முதல் நட்டு கழன்றது.
இரண்டாவதும்.
மூன்றாவதன் தலை மட்டும் கையோடு வந்தது.
புகை போகும் துவாரத்தில் குளவி கட்டிய வீடு,
காபரேற்றருக்குள் அரிசியளவில் ஊரி.
பிஸ்டன் சிலிண்டரை விடவேயில்லை.
மண்ணெண்ணெயும் பிறேக் ஒயிலும் கலந்து ஊற்றினேன்.
முதல் நாள் அடித்தேன்.
இரண்டாம் நாள் ஏசினேன்.
மூன்றாம் நாள் பூவரசங் கட்டையை வைத்து ஒரு தட்டு,
ஒரு மயிரளவு இறங்கிற்று.
மறுகா இன்னொரு மயிர்.

கிளச் மூடியைக் கழற்றினால்
உள்ளே இருந்தது கடைக் காஸ்கெட் அல்ல.
கலியாணக் காட் ஒன்றை
மூடியின் விளிம்பில் வைத்து
சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்த வடிவம்.
ஒயிலில் ஊறித் தேன் நிறமாயிருந்தது.
ஒரு வளைவில் "நிகழும் மங்களகர".
அடுத்த வளைவில் "வதனி".
பவளவதனியோ சந்திரவதனியோ,
முன்பாதியை ஒரு போல்ட் துவாரம் கொண்டுபோயிருந்தது.
மாப்பிள்ளையின் பேர் நடுத்துண்டில் இருந்திருக்கும்.
நடுத்துண்டை யார் வைத்திருப்பார்கள்.
கீழ் விளிம்பில் மட்டும் முழுதாக:
"சுற்றமும் நட்பும் சூழ".

வெட்டியவன் அழைக்கப்பட்டவனா,
அழைத்தவனா?
எந்தக் கலியாணத்திலும் மிஞ்சுகிற காட் இருக்கும்.
நடக்காத கலியாணத்தில் எல்லாமே மிஞ்சும்.
கைவிளக்கைப் பிடித்தபடி இதையெல்லாம் யோசித்ததில்
நுளம்பு என் கணுக்காலைத் தின்று முடித்தது.

றிங் கல்முனையில் கிடைத்தது, ஒரு சைஸ் கூட.
அரத்தால் முனையைத் தேய்த்து
போட்டுப் பார்த்து
கழற்றித் தேய்த்து
போட்டுப் பார்த்து.
வால்வைப் பசை பூசி உள்ளங்கைகளுக்கிடையில்
மத்தைப்போல் உருட்டினேன்.
முதலில் சரசரவென்றது,
பிறகு சத்தம் மெலிந்து பட்டாகியது.
காஸ்கெட்டுக்கு மட்டும் வேறு வழியில்லை.
துவாரகனின் சமயபாடக் கொப்பி மட்டையை வெட்டினேன்.
"அம்மா, பொம்பிளப் பிள்ளையார் மாதிரி
ஆரும் மோட்டருக்க பூந்திட்டாங்களா?" என்றான்,
மட்டையில் இருந்த சரஸ்வதியைக் காணாமல்.

பதினொராவது உதையில் இருமிற்று.
பதின்மூன்றில் பிடித்தது.
கப்பி சுற்றியது, பெல்ட் பிடித்தது,
குழாய் ஒருமுறை ஏப்பம் விட்டு
காய்ந்த மணலில் கக்கியது தண்ணீரை.
அரை மணித்தியாலம் ஓட்டம்,
அரை மணித்தியாலம் ஆற்றல்.
காற்று வாங்க ஓடாத மோட்டர் அப்படித்தான் கொதிக்கும்.

இரண்டாம் ஓட்டத்தில் கண்டேன்.
கிளச் மூடியின் கீழ் விளிம்பில் ஒரு துளி,
சுற்றமும் நட்பும் இருந்த அதே இடத்தில்.
துடைத்தேன்.
மறுபடி துளி.

வாவிக்குள் எத்தனை வருடமோ கிடந்தும்
அந்தக் காட் ஒழுகவில்லை.

அலுமாரியில் எங்களுடையதும் ஒரு கட்டு கிடக்கிறது,
பொலித்தீன்கூடப் பிரிக்காமல்.
போய் ஒன்றை எடுத்து விரலிடையில் வைத்துப் பார்த்தேன்.
நல்ல தடிப்பு.
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போதைக்குக் கீழே ஒரு தயிர்ச்சட்டி.
நிறைந்த பிறகு பார்க்கலாம்.