நாலு பக்கம்

கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டால்
இருபது நிமிஷம் யாருக்கும் அவசரமில்லை.
ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு தலை நீளும்:
"ரூபா, ஞாயித்துக்கிழமை மேட்ச் உண்டா?"
மீன்கூடைக்கார அம்மா எறியும் சிரிப்பை
பாக்கிச் சில்லறைபோல வாங்கிப் போட்டுக்கொள்வான்.
பன்னிரண்டு 'பி'க்கு
ரூபன் வராத நாள் ஃபேன் ஓடாத நாள்.

டைப் அடிக்க மாட்டான். குரல்தான் அனுப்புவான்.
ஆறு நொடி, பின்னால் ஒரு ரயில், "இன்னா மச்சி."
பாதிப் பையன்கள் அதற்கப்புறம் டைப் அடிப்பதையே விட்டார்கள்.
ஃபாஸ்ட் ஃபுட் கடையில் மெனு கார்டால் விசிறிக்கொண்டே
"உனுக்கு இன்னாவோ எனுக்கும் அதே" என்பான்.
பெருந்தன்மை என்று நினைத்தோம்.
தமிழ் மிஸ் செய்யுள் வாசிக்க எழுப்பினால்
புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிப்பான்.
வகுப்பு வெடிக்கும், வெளியே அனுப்புவார்கள்.
வெளியே நிற்பதை
அவ்வளவு அழகாகச் செய்தவர் யாருமில்லை.
பத்தாவதில் கொரோனா எல்லோரையும் பாஸ் போட்டது.
ப்ளஸ் ஒன்னில் நாலு அரியர்,
அதையும் காலர்போலத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

நான் அவனுக்குக் கடிதம் எழுதியவள்.
ஜெல் பேனாவில், ஒரு அடித்தல் இல்லாமல்,
மூன்று முறை படியெடுத்து.
இரண்டு நாள் கழித்து நாலு நொடி வந்தது:
"கையெழுத்து சூப்பர்."
கையெழுத்தா?
அன்றிரவு கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை
எங்கள் தெருவில் வந்து படுத்திருந்தது.
கண் ஏன் சிவந்ததென்று அம்மா கேட்டதற்கு
அதைக் காட்டினேன்.

ஆண்டு விழாவில் உறுதிமொழி வாசிக்க அவனை ஏற்றினார்கள்.
தாளைப் பார்த்தான். மடித்துப் பையில் வைத்தான்.
மைக்கில் ஒரு விசில்.
மைதானமே திருப்பி அடித்தது,
ஹெட்மாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார்.
சான்றிதழ்த் தட்டோடு படிக்கருகே நின்ற எனக்கு மட்டும்
அவன் கெண்டைக்கால் நடுங்குவது தெரிந்தது.
பயம் என்று நினைத்தேன்.
எதன் பயம் என்று நினைக்கவில்லை.

மார்ச். அதே கேட். அவன் என்னைப் பார்க்கவில்லை.
வறுகடலை விற்கும் சின்னப் பையனிடம்
ஹால் டிக்கெட்டை நீட்டியிருந்தான்.
"எந்த ஸ்கூல்ல சென்டர்னு போட்டுருக்குது பாரு தம்பி."
பையன் விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான்.
"ஏண்ணா, உனுக்குத் தெரியாதா?"
"கண்ணு கொஞ்சம் மங்கல்பா."
அரை மைதானத்திலிருந்து கோல் போடுகிற கண்.

திரும்பிப் போயிருப்பேன்.
பின்னால் தண்ணீர் லாரி, முன்னால் கேட்.
நிமிர்ந்தான்.
வழக்கமான சிரிப்பு பாதிவரை வந்து
வழி மறந்ததுபோல நின்றது.
கடலைப் பையனுக்கு ஒரு பொட்டலத்துக்குக் காசு கொடுத்தான்,
பொட்டலத்தை வாங்கவில்லை.

பிறகு, ஹால் டிக்கெட் இருந்த அதே பிளாஸ்டிக் உறையிலிருந்து
என் கடிதம்.
மடிப்புகள் பஞ்சாகிப் போயிருந்தன.
"யார்கிட்டயும் குடுக்கல," என்றான்.
"குடுத்தா உன் பேரு தெரிஞ்சிரும். நீயே படி."

எண்ணெய் டேங்கர்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன,
கத்திப் படிக்க வேண்டியிருந்தது.
அவன் கார்னர் கிக்கைப் பற்றி எழுதியதைப் படித்தேன்.
என் அப்பா வேலை போனதைப் படித்தேன்.
அவன் பார்த்தது என்னையல்ல, தாளை;
எந்தக் கோட்டில் எந்தச் சத்தம் இருக்கிறதென்று
தேடுகிறவன்போல.
மூன்றாம் பக்கம் வந்தது.
அதில்தான் எல்லாம் இருந்தது.
இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பி
'இப்படிக்கு' என்று முடித்தேன்.

கேட் எழுந்தது. ஹாரன்கள்.
தாள்களை வாங்கி ஓரம் தட்டி அடுக்கினான்,
ரொம்ப நிதானமாக.

"நாலு பக்கம் இருந்துச்சு," என்றான்.
"எண்ணத் தெரியும் எனுக்கு."