ஏழாவது படம்

வெறுங்கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.
மடிப்பு விழ இன்னும் நாளிருக்கும் மூளை,
ஆற்றுக் கூழாங்கல் போல வழுவழுவென்று.
பத்தொன்பதாம் வாரத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும்.
எடை எழுதினேன். அதுவும் சரி.

பிறகு வைரக் கத்தியில் சீவி
நுண்ணோக்கியின் பச்சைத் திரைக்குக் கொண்டுவந்தால்
தண்டுவட அணுக்களில் நிறைய,
மூளையில் அங்கொன்று இங்கொன்று,
குறுக்கே அரிந்த வெங்காயங்கள்.
வளையத்துக்குள் வளையம், அதற்குள்ளும் ஒன்று.
உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்பது
சமையலறை வெங்காயத்துக்கு.
இதில் உரிக்க உரிக்கக் கொழுப்பு.
கரைக்க வேண்டிய நொதி வரவே இல்லை,
போக வழியற்று உட்கார்ந்திருக்கிறது.

கெபெக் நகரில் ஜனவரி.
கீழே பனிவண்டி தெருப்பனியை நடைபாதைக்குத் தள்ளுகிறது.
கடைக்காரர் வாரியெடுத்துத் திரும்பத் தெருவில் போடுகிறார்.

படிவத்தில் தாய்: ஸோலாஞ்ச் ரியூ, த்ருவா-பிஸ்தோல்.
என் அம்மாவும் ரியூதான்.
அதே ஆற்றங்கரை, இரண்டு ஊர் தள்ளி.
எந்தக் கப்பலில் எந்த முப்பாட்டன் இறங்கினானோ,
நிலத்தை நீளநீளமாய்க் கீறி
எல்லோருக்கும் ஆற்றைத் தொட ஒரு துண்டு வைத்தார்கள்.
இது மட்டும் துண்டாகாமல்
முழுசாகவே கைமாறி வந்திருக்கிறது,
பத்திரம் இல்லாமல்.

நேற்று அவள் போன் செய்தாள். மருத்துவர் இல்லை.
முடிவைக் கேட்கவில்லை, அது அவளுக்கு முன்பே தெரியும்.
மூத்தவன் ஃபாபியென் மூன்று வயதுவரை இருந்தான்.
கதவு சாத்தினால் அவனுக்கு உடம்பு தூக்கிப் போடும்,
கரண்டி விழுந்தால், மார்செலின் தும்மினால்கூட.
"இதற்கும் சத்தம் கேட்டிருக்குமா?
கடைசி ஞாயிறு
நான் ஒரு தட்டைப் போட்டு உடைத்தேன்."

பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.
மருத்துவர் நாளை அழைப்பார் என்றேன்.
அவளும் சரி என்றாள், வைக்கவில்லை.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
கம்பியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஏழு படங்களைக் கழுவித் தொங்கவிட்டேன்.
ஏழாவதில் ஓர் அணு மட்டும்
ஒரு வளையமும் விழாமல், சுத்தமாக.
சான்றுக்கு உதவாது, எடுத்துவிடு என்பார் மருத்துவர்.
எடுத்துவிடுவேன்.
ஒரு பிரதி கூடுதலாகப் போட்டு வைத்தேன்,
என் ரத்தப் பரிசோதனைச் சீட்டு
பன்னிரண்டு நாளாய்க் கிடக்கும் அதே இழுப்பறையில்.

இருட்டறைக் கதவை
இரண்டு கையாலும் பிடித்து
மெல்லச் சாத்தினேன்.