முன்பு என்ற கட்டம்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு
என் முதுகைத்தான் நன்றாகத் தெரியும்.
கரும்பலகையில் ஒரு 'ழ' போட்டு முடிப்பதற்குள்
பின்னால் அலறல்.
திரும்புவேன்.
முனீஸ் நிற்பான்,
பக்கத்துப் பையன் முழங்கையில் பல்தடம்
வட்டமாக, ஈரமாக.

அவனுக்கு முன்பே அவன் புகார்கள்
என் வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருந்தன.
கடிப்பான். தள்ளுவான். பென்சிலை ஒடிப்பான்.
"பேர்லயே முனி இருக்குல்ல" என்று
சத்துணவு ஆயா சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வட்டார வள மையத்திலிருந்து வியாழக்கிழமை
ஸ்கூட்டியில் வருகிற நசீரா
ஒரு தாள் தந்தாள். மூன்று கட்டம்.
முன்பு. நடந்தது. பின்பு.
"ரெண்டு வாரம் எழுதுங்கக்கா.
தீர்ப்பெல்லாம் வேணாம், மணி மட்டும் போடுங்க."

'நடந்தது' நிரம்பியது.
'பின்பு' நிரம்பி ஓரத்தில் வழிந்தது:
வைதேன், மூலையில் நிறுத்தினேன்,
தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பினேன்,
ஒரு தடவை ஸ்கேலால்
மேசையை அடித்தேன், மேசையைத்தான்.
'முன்பு' மட்டும் வெள்ளையாகவே கிடந்தது.
அங்கே எழுத என்னிடம் இருந்தது
'ழ'வின் சுழி ஒன்றுதான்.

மறுவாரம் பலகைக்குப் பக்கவாட்டில் நின்றேன்.
எழுத்து கோணிக்கொண்டு போனது. போகட்டும்.

செவ்வாய், பதினொன்று பத்து.
சட்டைக் காலர் வாய்க்குள் போகிறது.
புத்தகத்தை மூடுகிறான்.
பென்சிலைப் பைக்குள் போட்டு
ஜிப்பைக் கடைசிவரை இழுக்கிறான்,
பஸ் வந்துவிட்டவன் மாதிரி.
அதற்குப் பிறகுதான் பல்.
புதன், பத்து ஐம்பது. காலர், ஜிப்.
வெள்ளி. காலர், ஜிப்.
தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்
என் முதுகிடம்.

அப்பளக் கம்பெனியில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு
அவன் அம்மா வந்தாள், விரலிடுக்கில் மாவோடு.
"பாண்டி கோயில்ல கயிறு கட்டிருக்கு டீச்சர்.
இன்னொருக்கா கூட்டிட்டுப் போகவா?"
போய்ட்டு வாங்க,
கண்ணையும் காதையும் பெரியாஸ்பத்திரியில
ஒருக்கா பாத்துருவோம் என்றேன்.
தலையாட்டினாள். பிறகு அழுதாள்.
"ரெண்டு வருசமா எத்தனையோ தடவ கூப்பிட்டு விட்டீங்க.
இன்னைக்குத்தான் உக்காரச் சொல்லிருக்கீங்க."

இப்போதெல்லாம் ஜிப் சத்தம் கேட்டால்
"முனீஸ், வாசல்ல எத்தனை செருப்பு கெடக்கு,
எண்ணிட்டு வா."
ஓடுவான்.
"அறுபத்தி ஒண்ணு டீச்சர். ஒண்ணு ஒத்தச் செருப்பு."
சில நாள் இரண்டாம் முறையும் எண்ணக் கேட்கிறான்.
சில நாள் எதுவும் பலிப்பதில்லை.
நேற்று என் மணிக்கட்டையே கடித்தான்;
கடித்துவிட்டு அவனே
குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.
ஏன் என்று எனக்குத் தெரியாது. நசீராவுக்கும்.
அவள் தாளில் ஏனுக்குக் கட்டம் இல்லை.

பக்கவாட்டில் நிற்பதில் ஒரு தொந்தரவு,
எல்லோரும் தெரிகிறார்கள்.

அவனியாபுரத்தின் மேல் மதிய விமானம்
வயிறு தெரியத் தாழ்ந்து வரும்போது
முப்பது தலையும் சன்னல் கம்பிக்குப் பாயும்,
கையாட்ட முனீஸ் முதலாக.
மூன்றாம் வரிசை மதுஷிகா மட்டும்
போட்ட கோட்டின் மேலேயே
கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள்
தாள் கிழிகிறவரை.
யாரையும் கடித்ததில்லை. புகார் வந்ததில்லை.
'தங்கமான பிள்ளை' என்று போன பருவம்
நான்தான் கைப்பட எழுதினேன்.

புதுத் தாள் எடுத்தேன்.
பெயர். தேதி. மணி ஒன்று இருபது.
'நடந்தது' என்ற இடத்தில்
நெடுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு
எழுதினேன்:
நிமிரவில்லை.