பன்னிரண்டு மீட்டர்

திங்கள் முதல் வெள்ளி வரை
காற்று எனக்கு ஓர் எண்.
ராதாபுரம் கட்டுப்பாட்டு அறையில்
நாற்பத்தோரு காற்றாலைகளின் மூச்சை
விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று
மணிக்கொரு தரம் எழுதிவைக்கிறவள்.
உள்ளே ஏசி.
சன்னலைத் திறக்கக் கூடாது.

ஆனிக் கடைசிச் சனிக்கிழமை
பிரமநாயகத்தின் ஆம்னியில் நாலு பேர், ஒரு பலகை,
எவனோ கோவாக்காரன் விற்றுப்போன பட்டம்.
சுருட்டினால் மெத்தை,
விரித்தால் கல்யாணப் பந்தல்.
மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது.
சிறகோரத்தில் அளவு: பன்னிரண்டு மீட்டர்.
வகிதா வள்ளியூரில் கல்யாணம் என்று
வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.
பொய்க்குத் துணையாகப்
பையில் ஒரு பட்டுச்சேலை.

திசையன்விளையில் புரோட்டா கட்டிக்கொண்டு
உவரிக் கரையில் இறங்கினால்
காற்றே இல்லை.
கடல் ஆறிப்போன எண்ணெய்ச் சட்டி.
ஒரு பனையோலைகூட வாய் திறக்கவில்லை.
‘சனிக்கிழமை பதினொன்று, உறுதி’ என்று
எல்லாரையும் கூட்டிவந்தது நான்.
"ஏட்டி, காத்தாபீசு,
இன்னைக்கு ஒங்க காத்துக்கு லீவா?"
எஸ்தர்கனி அதையே
இருட்டும்வரை கேட்டாள்.

இரவு படகுகளுக்கு நடுவே படுத்தோம்.
கொசுவுக்குப் பயந்து
பட்டுச்சேலையை விரித்து
மூன்று பெண்கள் அதற்குள்.
பிரமநாயகம் பட்டத்துக்குள்.

விடியுமுன் மணல் கன்னத்தில் அறைந்தது.
கச்சான்.
பனங்காடு முழுக்க ஒரே நேரத்தில்
வம்பு பேசிக்கொண்டிருந்தது.
போனை எடுத்து எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை.
இடுப்புவார் இறுக்கி,
தண்ணீரில் உட்கார்ந்து, பலகையில் காலை நுழைத்துக்
கட்டைவிரலைத் தூக்கினேன்.
பிரமநாயகம் கையை விட்டான்.

அப்புறம் வாக்கியம் இல்லை.
தோள். உப்பு. வானம்.
கிணற்றிலிருந்து வாளியை
ஒரே இழுப்பில் எடுக்கிற மாதிரி
என்னை ஊரிலிருந்து எடுத்தது.
கத்தினேன்.
கத்தினது எனக்கே கேட்கவில்லை,
காற்று அதையும் வாங்கிக்கொண்டது.

திரும்பிப் பார்த்தபோது
கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயில்
என்னை ஏற்றாமல்
தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.
கச்சான் அங்கே கரைக்கு வருகிற காற்றில்லை,
கரையை விட்டுப் போகிற காற்று.
திரையில் இருக்கும்,
எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறியாக.
நாலு வருடமாக
எண்ணை மட்டும் எழுதியிருக்கிறேன்.

பட்டம் விழுந்தது, மறுபடி எழவில்லை.
அதன் காற்றுக்குழாயைக் கட்டிப்பிடித்து மிதந்தேன்.
ஞாயிறன்று அங்கே ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை.
முதல் பூசை முடிந்து வந்த தொபியாஸ்
வெள்ளைச் சட்டையைக் கழற்ற நேரமில்லாமல்
படகை இறக்கினான்.
கிட்டே வந்து இன்ஜினை அமர்த்திக் கேட்டான்:
"எங்க போறீய?
இலங்கைன்னா டீசல் பத்தாது."

கயிற்றைச் சுருட்டிக்கொண்டே
பட்டத்தின் அளவைக் கேட்டான்.
சொன்னேன்.
என்னை மேலும் கீழும் பார்த்தான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
கரையில் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டான்.
"சட்டை ஈஸ்டருக்கு எடுத்தது.
வீட்ல ஒரு வார்த்தை நீங்க வந்து சொல்லணும்."
நாலு பேரும் போய்
அவன் மனைவி முன்னால் வரிசையாக நின்றோம்.
திட்டி முடித்து நெத்திலிக் குழம்பு ஊற்றினாள்.
சாயங்காலம் தொபியாஸ்
பட்டத்தை மணலில் நின்றே பிடித்துப் பார்த்தான்.
அரை மணி நேரம் யாருக்கும் தரவில்லை.

இன்று திங்கள்.
பதினோரு மணிக்குத் திரையில் பன்னிரண்டு.
எழுதப்போனால் தோள் உயர மறுக்கிறது.
வகிதா கூப்பிடுகிறாள், குசுகுசுவென்று:
"உம்மா சேலைய ஒதறிட்டா.
கால்படி மணலு.
வள்ளியூருக்குக் கடல் எப்ப வந்துச்சுன்னு கேக்கா,
என்னத்தச் சொல்ல?"

காத்து பலமா இருந்துச்சுன்னு
சொல்லு.